வராதவர் பட்டியல்

கொச்சபம்பாவின் தெற்குக் குன்றில்
தெருவுக்குப் பெயர் வைக்குமுன்
தண்ணீர்க் குழுவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.
நாங்கள் நான்கு பேர் ஏறிப் போனோம்,
லிம்பெர்ட், குரோவர், நோயெலியா, நான்.
முக்காலியோடு ஒரு மட்டமானி,
நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம்,
பல்கலைக்கழக முத்திரை போட்ட தொப்பிகள்.

முதல் கேள்வியே சறுக்கிவிட்டது.
ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?
கதவைப் பாதி திறந்தவள் சொன்னாள்:
'லிட்டரா? இங்கே பீப்பாய்தான் கணக்கு.
லாரி வந்தால் மூன்று.
வராவிட்டால் நேற்றையது.'
நேற்றையது என்று எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

பொருளாளர் சூல்மா கொல்கே
பகலில் மினிபஸ் ஓட்டுகிறவள்.
எங்கள் வரைபடத்தை
எஞ்சின் சூடு ஆறாத மூடிமேல் விரித்தாள்.
'இந்தக் காலி இடம் காலி இல்லை.
ஜனவரியில் வந்து பாருங்கள்,
ஓடை சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும்.'
தொட்டியை நகர்த்தினோம்,
பென்சிலால் ஒரு தரம்,
வாக்குவாதத்தால் இரண்டு தரம்.

ஞாயிறுதோறும் பள்ளம் தோண்டல்.
வீட்டுக்கு ஓர் ஆள்.
வராத வீட்டுக்கு
இருபது பொலிவியானோ அபராதம்.
கைக்குழந்தைக்காரிக்குப் பதிலாக
எதிர்வீட்டுப் பையன் இரட்டை நீளம் வெட்டினான்.
எங்களுக்கு எந்த விதியும் கிடையாது.
மண்வெட்டி கேட்டால்
நிலக்கடலை சூப் கொடுத்தார்கள்.

ஜூலையில் பேராசிரியர் வந்து குழாயைத் திறந்தார்.
நூற்றுக்கு எண்பத்தேழு.
படத்தில் எல்லோரும் நனைந்து சிரிக்கிறோம்.
மேட்டுக் கோடியில் கடைசி மூன்று வீடுகள்
படத்துக்குள் வரவில்லை.
அங்கே குழாய் இருமியது,
கொஞ்சம் காற்றைத் துப்பியது,
அப்புறம் வாயைத் திறக்கவேயில்லை.

அன்றிரவு அளவைப் புத்தகத்தைப் புரட்டினேன்.
முளை பதினேழு.
கோலைப் பிடித்தவன் லிம்பெர்ட்,
கண்ணாடிக்குள் பார்த்தவள் நான்.
ஒன்று புள்ளி நான்கை
நான்கு புள்ளி ஒன்று என்று எழுதியிருக்கிறேன்.
என் கையெழுத்தில், அழகாக,
ஒரு கதவைவிட உயரமான பிழை.

பருவம் முடிந்துவிட்டது.
லிம்பெர்ட் சாந்தா குரூஸில் வேலைக்குச் சேர்ந்தான்.
குரோவருக்கு ஆய்வேடு.
நோயெலியா வருகிறேன் வருகிறேன் என்றாள்,
இரண்டு முறை வந்தாள், அதுவும் பெரிது.
நான் ஆகஸ்டில் தனியாக ஏறிப் போய்ச் சொன்னேன்.

சூல்மா திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்.
மன்னித்துவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது.
அவள் நோட்டைத் திறந்து கேட்டாள்:
'எத்தனை மீட்டர் குழாய் கூடுதல்?'

மேட்டுக்கென்று ஒரு சின்னத் தொட்டி, ஒரு பம்பு.
கரண்டுக் காசு யார் கட்டுவது?
கூட்டம் மூன்று மணி நேரம்.
'எங்களுக்குத்தான் தண்ணீர் வருகிறதே'
என்றார் கீழ்த்தெரு ருஃபினோ.
'உன் குழாய்க்குப் பள்ளம் வெட்டியது யார்?'
என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
யாருடையது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
மாதம் ஒரு பொலிவியானோ, எல்லா வீட்டுக்கும்.
ருஃபினோ கடைசியாகக் கை தூக்கினார்,
தோள்வரை மட்டும்.

மறுபடி ஞாயிறுகள், மறுபடி பள்ளம்.
இந்த முறை சூப்புக்கு முன் மண்வெட்டி தந்தார்கள்.
நான்காம் ஞாயிறு எனக்குக் காய்ச்சல்.
போகவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை.

அடுத்த வாரம் சூல்மா
வராதவர் பட்டியலை வாசித்தாள்.
கிஸ்பெர்ட் வீடு. வாலெஹோஸ் வீடு.
கடைசியில்
'மிர்த்தா ஒந்திவேரோஸ். இருபது.'
ஒருவரும் சிரிக்கவில்லை.
காய்ச்சல் என்று வாயெடுத்தேன்.
பக்கத்திலிருந்தவர் சொன்னார்,
'எனக்கும்தான் காய்ச்சல், நானும் கட்டினேன்.'

சில்லறையாகக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள்.
ரசீதில் வீட்டு எண் கேட்கிற இடத்தில்
பேனா சற்று நின்றது.
பிறகு, தலை நிமிராமல்,
முளை பதினேழு என்று எழுதிக்
கிழித்துக் கொடுத்தாள்.