ஒன்றரை இஞ்ச்

மார்த்தாண்டம் மேம்பாலம் ஜன்னலுக்கு நேரே.
பஸ் போகும்போதெல்லாம்
பாபின் பெட்டி கிலுங்குகிறது.

மூன்று பேருக்கு ஒரு சட்டை என்றேன்.
அரைமணிக்கொருதரம் துணி கைமாறணும்,
கேட்காமல் அடுத்தவர் தையலைப் பிரிக்கக்கூடாது.

டீ குடிக்கப் போன நேரத்தில்
அபிஷா பிரித்திருக்கிறாள்.
விஜின் ஒன்றும் பேசவில்லை.
இடக்கையை மட்டும்
தன் அளவுக்கு வெட்டினான்.

“எனக்க கை சரி. உனக்க கைதான் தப்பு.”
“லேய், முதல்ல உனக்க கையப் பாரு.”

திங்கட்கிழமையிலிருந்து
ஓரம் மட்டுமே மடித்துக்கொண்டிருந்த ரிஸ்வானா
குட்டைக் கையின் நுனியில் ஒரு பட்டை வைத்தாள்,
அவர்கள் கிறுக்கிச் சண்டைபோட்ட
மாதிரித் துணியிலிருந்து.
22, 23½, அடித்து மறுபடி 22,
மணிக்கட்டைச் சுற்றி.

துவைத்தால் போய்விடும் என்றேன்.
“போகாது மிஸ், பேனா.”

மதிப்பெண் தாளில் ஒரு கட்டம்:
யோசனை யாருடையது?
தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.
“எனக்க” என்றான். “எனக்க” என்றாள்.
ரிஸ்வானா மேம்பாலத்தில் ஒரு லாரி
முழுதாகப் போகும்வரை பார்த்துவிட்டு
“எனக்கதான்” என்றாள்.

எழுதிக்கொண்டேன், மூன்றையும்.
கட்டம் போதாமல்
கடைசிப் பெயர்
ஓரத்தில் ஏறிற்று.