சமவுயரக் கோடுகள்

ஹற்றனில், பேக்கரிக்கு மேல்மாடி.
ஒரு சிகரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு.
இந்த வாரம் எனக்கு விழுந்தது
தென்துருவக் கரையோரம் ஒரு கறுப்பு மலை:
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர்,
பெயர் இன்னும் இல்லை.

பனிக்கட்டியும் இல்லையாம்.
துருவத்திலே பனி இல்லையா என்று
பக்கத்து மேசை ரொஷாந்தினி சிரித்தாள்.
மேட்டிலிருந்து இறங்கும் காற்று
விழுகிற தூவலையும் நிலம் தொடுமுன் நக்கிவிடுகிறதாம்.
மழையை அந்தப் பாறைகளுக்குத் தெரியாது.
கடலிலிருந்து வழிதவறி ஏறிவந்த சீல் ஒன்று
அழுகவும் ஈரமின்றித்
தோல்பையாய்க் கிடக்கிறது, பல நூறு வருஷமாய்.

நான் கோடிழுக்கிறேன்,
இருபது மீற்றருக்கு ஒன்று.
நெருங்கினால் செங்குத்து.
விலகினால் நின்று மூச்சு வாங்கலாம்.
அங்கே வெயில் வடக்கிலிருந்து வரும்;
முதல் நாள் நிழலை மாற்றிப் போட்டுத்
திட்டு வாங்கினேன்.

ஜன்னலுக்கு வெளியே நோர்வூட் பஸ்
மூடுபனிக்குள்ளிருந்து ஹோர்னை மட்டும் அனுப்புகிறது.
மூன்றாம் நாளாக மழை.

எங்கள் பக்கம் மலை என்றால் தேயிலைதான்.
ஏழாம் நம்பர் மலை, கல்லு மலை, புதுமலை.
புதுமலைக்கு அடியில் எங்கள் லயம்.
போன ஐப்பசியில் இரண்டு பேர் வந்து
சுவர் வெடிப்பை அடிமட்டத்தால் அளந்து
சிவப்புப் பெயின்றில் ஒரு புள்ளி வைத்துப் போனார்கள்.
கடிதம் வரும் என்றார்கள்.
வந்திருந்தாலும் தோட்ட ஆபிசில்தான் கிடக்கும்,
வீட்டுக்கு இலக்கம் இல்லை.
இரவில் தரைக்கடியில் தண்ணீர் நடக்கிற சத்தம்.
தம்பி கிருபாகரன் அதை எலி என்கிறான்.

இன்று மத்தியானம்
சுப்பர்வைசர் தேத்தண்ணிக்கு இறங்கியதும்
உலகத்தைச் சுழற்றி எங்கள் ஊருக்கு வந்தேன்.
ஆறு இருந்தது. பாக்டரிக் கூரை இருந்தது.
லயம் இருக்கவேண்டிய இடத்தில்
ஐந்து கோடுகள், ஒன்றோடொன்று ஒட்டி,
வழித்த சீப்பின் பல் போல.
அந்தக் கறுப்பு மலைக்கோ
தோள்கள் எவ்வளவு அகலம்!
மண்ணை இளக்க அங்கே ஒரு சொட்டில்லை,
சரிந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை;
உயரம் மட்டும்
அரை மீற்றர் பிசகக்கூடாதாம்.

நாலரைக்குக் கோப்பை அனுப்பினேன்.
பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
அவர்கள் கேட்காத ஒன்றை எழுதினேன்:
மேற்குச் சரிவின் அடிவாரம் உறுதியானது.
பன்னிரண்டு காம்பரா கட்டலாம்.

கீழே இறங்கினால்
என் குடையை ரொஷாந்தினி எடுத்துப் போயிருந்தாள்.