சலவைக்கடைக் கடிகாரம்

டுலூத் நகரில் மார்ச் மாதம்
பனி விடைபெற மறுக்கும் மாதம்.
நீதிமன்றப் படிகளில் உப்பு தூவியிருந்தார்கள்,
என் காலணியில் அதன் வெள்ளைக் கோடு.
அரசு நியமித்த வக்கீல் நான்.
கட்சிக்காரனுக்கு என்னைத் தேர்ந்தெடுக்க வசதி இல்லை,
எனக்கும் அவனை.

வெண்டெல் ஆஹோ. முப்பத்தொரு வயது.
காகித ஆலையில் மாலை ஷிப்ட்,
நள்ளிரவுக்கு மேல்தான் துணி துவைப்பான்.
முதல் நாள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கேட்டான்:
"நான் செய்யலைன்னு நம்புறீங்களா?"
நம்புவது என் வேலை இல்லை என்றேன்.
சரியான பதில்தான். அன்றிரவு
எனக்கே அது செரிக்கவில்லை.

மஞ்சள் தாளில் எழுதிப் பார்த்தேன்
சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகளை.
சம்மதம் இருந்தது எனலாம்:
அவளைப் பார்த்ததே இல்லை என்கிறான். அடித்தேன்.
காலம் கடந்த புகார் எனலாம்:
அவள் அந்த இரவே போன் செய்திருக்கிறாள். அடித்தேன்.
அவள் பொய் சொல்கிறாள்
எனலாம்.
பேனா அங்கே நின்றுவிட்டது.
மருத்துவமனை அறிக்கையை நான் படித்திருக்கிறேன்.
அவளுக்கு நடந்தது நடந்ததுதான்.
தாளையே கிழித்துப் போட்டேன்.

மிஞ்சியது ஒன்று:
அந்த நேரத்தில் வெண்டெல் வேறு எங்கோ இருந்தான்.

பா யெங் வாங்கின் சலவைக்கடை கேமராவில்
அவன் போர்வை மடிக்கிறான். நேரம் ஒன்று பதிமூன்று.
குற்றம் இரண்டே காலுக்கு, பதினோரு மைல் தள்ளி.
"ஒரு மணி நேரம் தாராளம்" என்றார் அரசு வக்கீல் டோர்வால்ட்,
விரலால் மேசையில் தாளம் போட்டபடி.

பதினேழாவது முறை பார்க்கும்போதுதான்
போர்வையை விட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
வெளியே ஓர் இரும்புத்தாது ரயில்
பெட்டி பெட்டியாக இருட்டை இழுத்துக்கொண்டு போகிறது.
ரயில்வே பதிவேட்டில் அது கடந்த நேரம்
இரண்டு பதிமூன்று.
கோடைக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை முன்தள்ளி
இரண்டு நாள் ஆகியிருந்தது.
"ஞாபகம் வந்தாத்தான் மாத்துவேன்" என்றாள் பா யெங்,
சாட்சிக் கூண்டில், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஆனால் அதற்கு முன்னால்
அவளை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தது.
(பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.)
என்ன உடுத்தியிருந்தாள், எவ்வளவு குடித்தாள்,
ஏன் தனியாகப் போனாள்
எதையும் கேட்கவில்லை.
ஆறு புகைப்படங்களைப் பற்றி மட்டும் கேட்டேன்.
மூன்றாவதைத் தொட்டு அன்று என்ன சொன்னீர்கள்?
"இவனா இருக்கலாம்."
போலீஸ்காரர் அதற்கு என்ன சொன்னார்?
"நல்லா செஞ்சீங்கன்னார்."
இன்று?
"இவனேதான்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.
கண்ணால் கண்டது பொய் என்று
அந்தக் கண்களிடம் நான் எப்படிச் சொல்வேன்?
தெருவிளக்கு எத்தனை அடி தூரம் என்று கேட்டேன்.
குரல் என்னுடையதுபோல் இல்லை.

ஜூரிக்கு நாலு மணி நேரம் பிடித்தது.
குற்றவாளி இல்லை என்றார்கள்.
வெண்டெல் தலையை மேசையில் கவிழ்த்தான்.
பதினான்கு மாதச் சிறை, போன வேலை,
மகள் படிக்கும் பள்ளி வாசலில் அவன் முகத்தோடு ஒட்டிய தாள்.
இதற்கெல்லாம் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

நடைபாதையில் டோர்வால்டிடம் அவள் கேட்டது
என் காதிலும் விழுந்தது.
"அப்போ யாரு?"

அவர் கோட்டுப் பொத்தானைத் தேடினார்.
நான் கட்டை மூடி நூல் சுற்றினேன்.
இரண்டு முறை நழுவியது.