எட்டுக்கு இரண்டு குறைவு

பழுப்பு உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள்
க்ளெனிஸ் ஆல்ட்ரெட்.
"நீயே பிரி. என் விரல் மடங்காது" என்றாள்.
பாதி நிஜம். மீதி பயம்.
அதை நான் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

க்ரிம்ஸ்பியில் வியாழக்கிழமை மாலை.
தேவாலயத்துக் கூடம், சூடேறாத ஹீட்டர்.
ஜன்னலில் கடல் தெரியாது, வாடை மட்டும் வரும்.
இருபத்தாறு வருஷம் ஹாடக் மீனைக் கீறிய கைகள்
யாரோ மறந்துவிட்டுப்போன கையுறைகளாய்
மேசைமேல் கிடந்தன.

முதல் பக்கத்தைப் படிக்காதே என்றேன்.
அதில் நன்றியும் இல்லை என்பதும்தான் இருக்கும்.
மூன்றாம் பக்கம் போ, கட்டங்கள் இருக்கிற இடம்.

சமைப்பது: ஸ்டூல் இருந்தால் முடியும். இரண்டு.
குளிப்பது: கைப்பிடி இருந்தால் முடியும். இரண்டு.
உடுத்துவது: கொக்கி இருந்தால் முடியும். இரண்டு.
சாப்பிடுவது, பேசுவது, வாசிப்பது,
பணத்தை எண்ணுவது
எல்லாம் சுழியம்.
(எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, என்றாள்.)
ஆக ஆறு. எட்டு வேண்டும்.

"பெயிலாயிட்டேனா?"
இல்லை, பாஸாகிவிட்டாய். அதுதான் சிக்கல்.

போனில் கேட்டவன் எடுத்த எடுப்பில்
எப்படி இருக்கிறீர்கள் என்றானாம்.
பரவாயில்லை என்றாளாம்.
"சவப்பெட்டிக்குள்ள இருந்து கேட்டாலும்
எங்க ஊர்ல அதைத்தானே சொல்லுவோம்?"
ஐந்தாம் பக்கத்தில் அந்தப் பரவாயில்லை
சாட்சிக் கூண்டேறி நிற்கிறது.
அதன் கீழே:
நாய் வளர்க்கிறார், ஆகவே குனிய முடிகிறது.
"நாய்க்கு வயசு பதினாலு.
அதுவும் குனியாது.
சோபாமேல தட்டை வச்சு
ரெண்டு பேரும் சாப்பிடுறோம்."

ஆறாம் பக்கத்தில் என் குரல் நின்றது.

நீங்கள் கூறியதை நான் மறுக்கவில்லை; ஆயினும்
கிடைத்த சான்றுகளோடு அது ஒத்துப்போகவில்லை
என முடிவு செய்கிறேன்.

அந்த வாக்கியம் என்னுடையது.
ஒன்பது வருஷம் அந்த அலுவலகத்தில் இருந்தேன்.
ஒரு ஜனவரியில், தேநீருக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில்
செதுக்கினேன்.
பக்கத்து மேசைக்காரி நகல் கேட்டாள்.
பிறகு மாடி முழுக்க.
யாரையும் பொய்யர் என்று சொல்லாத வாக்கியம் என்று
பெருமைகூட இருந்தது.
நான் வெளியேறிவிட்டேன், அது வேலையில் இருக்கிறது.
அவளுக்கு ஆறு புள்ளி.
எனக்கு அந்த அரைப்புள்ளி.

"யார் எழுதினது இதை?"
அடியில் அச்சாகியிருந்த பெயரை வாசித்தேன்.
வேறு யாருடையதோ.
தொண்டையைச் செருமிக்கொண்டு
தேதியைப் பார் என்றேன்.
மறுபரிசீலனைக்கு ஒரு மாதம்.
அதில் பதினோரு நாள்
மைக்ரோவேவ் மேலேயே கழிந்திருக்கிறது.

நடை தனிக் கணக்கு.
ஐம்பது மீட்டர் தாண்டுவார், இருநூறுக்குள், என்கிறது கடிதம்.
சரி, வா, பஸ் நிறுத்தம் வரை போவோம் என்றேன்.
என் பையில் அளவு நாடா, பென்சில்.

முதல் விளக்குக் கம்பத்தைத் தாண்டினாள்.
பந்தயக் கடை வாசலில் நின்று
கண்ணாடியில் குதிரைகளின் பெயர்களைப் படித்தாள்.
குதிரை பிடிக்குமா என்றேன்.
"பிடிக்காது. நிக்கிறதுக்கு ஒரு சாக்கு வேணாமா?"
முப்பத்தோரு மீட்டர். எழுதினேன்.
பிறகு தபால் பெட்டி. ஒன்பது மீட்டர்.
பிறகு ஒன்றுமில்லாத ஒரு சுவர்.
அங்கே படிப்பதற்கு எதுவும் இல்லை,
ஆனாலும் படித்தாள்.
எத்தனை நாள் இந்தத் தெருவில்
ஜன்னல் பார்க்கும் பெண்களைக் கடந்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன்.
"மூச்சு வாங்குது, பேசாதே" என்றாள்.

பஸ் வந்தது. ஓட்டுநர் படியைத் தாழ்த்திவிட்டு
எப்படி இருக்கீங்க க்ளெனிஸ், என்றான்.
கம்பியை முழங்கையால் அணைத்துக்கொண்டு
"பரவாயில்லை" என்றாள்,
சொன்ன கையோடு திரும்பி
என் பென்சிலைப் பார்த்தாள்.

"அதை எழுதிடாதே."