திருத்திய மதிப்பீடு

கேட்டிருந்தது முப்பத்தெட்டு லட்சம்.
வந்தது பதினொன்று.
நாற்காலிகளுக்கு அனுமதி உண்டு,
ஒலி புகா அறைக்கு இல்லை.
ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி:
‘இருக்கும் இடத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம்.’

இருக்கும் இடம்
ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
பழைய எக்ஸ்ரே பிலிம் அடுக்கிய அறை.
ஜன்னலில் தெர்மாகோல், அதன்மேல் கோணி,
கோணிக்கு மேல்
பாரிமுனைப் பிளாட்பாரத்தில்
என் சொந்தக் காசில் வாங்கிய கம்பளி.
சுவருக்கு அந்தப்பக்கம் பூங்கா ரயில் நிலையம்.
பத்து நிமிடத்துக்கொரு முறை
தாம்பரம் வண்டி சோதனைக்குள் புகுந்து போகும்.
அமைதிக்கும் டெண்டர் விட்டிருக்க வேண்டும்.

இருநூற்றுப் பத்து ஓட்டுநர்கள்
என்று எழுதியிருந்தோம்.
வந்தவர்கள் நாற்பத்தாறு பேர்.
வராதவர்களின் காரணத்துக்குப்
படிவத்தில் கட்டம் இல்லை:
“ரிப்போர்ட் டிப்போவுக்குப் போவுமா மேடம்?”
போகாது என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
அந்தக் கையெழுத்துக்கு
ஐந்து மாதமாய்ச் சம்பளம் வரவில்லை,
அதைச் சொல்லவில்லை.

இன்று காலை தாஜுதீன்.
வியாசர்பாடி டிப்போ, இருபத்திரண்டு வருடம்.
இடது முழங்கால் பக்கம் இன்ஜின்,
இடது காதுப் பக்கமும் அதே இன்ஜின்,
வலது காதுக்கு மவுண்ட் ரோடு முழுசும்.

“சத்தம் கேட்டா கையத் தூக்குங்க.
ரொம்பச் சின்னதா இருந்தாலும் தூக்குங்க.”

ஆயிரம் ஹெர்ட்ஸ். தூக்கினார்.
இரண்டாயிரம். யோசித்துத் தூக்கினார்.
நாலாயிரத்தில்
நான் கூட்டிக்கொண்டே போகிறேன்,
அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கண்டக்டரின் விசில் குடியிருக்கும் தெரு அது.

“அப்போ விசில் எப்படிண்ணே தெரியும்?”
“கண்ணாடியில பாப்பேன்மா.
கன்னம் ஒரு தடவை உப்புனா நிறுத்து,
ரெண்டு தடவைன்னா போலாம்.
புதுப் பையன் எவனாச்சும் வந்தா
வாயில விசில வெச்சிக்கினு சும்மா நிப்பான்.
அதான் பேஜாரு.”

மறுபடி நாலாயிரம்.
இப்போது கை தூக்கினார்.
நான் பொத்தானை அழுத்தவே இல்லை.
இன்னொரு முறையும் தூக்கினார்,
அதற்கும் ஒன்றும் அனுப்பியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட விடைகளை
அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும், படித்திருக்கிறேன்.
அவர் ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

போன மாதம் கோட்டையில்
நீள மேசைக்கு அந்தப்பக்கம் ஏழு பேர்.
“இந்தப் பணத்துக்குள்ள முடிச்சிடலாம்தானே?”
நான் தலையாட்டினேன்.
வராத சத்தத்துக்குக்
கை தூக்கியவள்தான் நானும்.

இரண்டுக்கும் கேட்பது என்று
ஒரே சொல்லை வைத்திருக்கிறது தமிழ்.
காதால் ஒன்று, கை நீட்டி ஒன்று.
நிதிக்கு விண்ணப்பம் எழுதும் இரவுகளில்
எதை எழுதுகிறேன் என்று எனக்கே குழம்பும்.

“இதனால எனக்கு ஏதாச்சும் வருமா மேடம்?”

பொய் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
“உங்களுக்கு வராதுண்ணே.
காதுக்குள்ள செத்த செல்லு திரும்ப முளைக்காது,
இன்னிக்கு வரைக்கும்.
எந்த வயசுல, எந்த வண்டியில
ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சா
இன்ஜின எங்க வைக்கணும்னு சண்டை போடலாம்.”

“அப்போ இனிமே ஓட்ட வர்றவனுக்கு.”

“ஆமா.”

ஹெட்போனை அவரே எடுத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
“மொதல்லேர்ந்து போடு.
இந்த வாட்டி கேட்டாத்தான் தூக்குவேன்.”

அப்போது பார்த்து வண்டி வந்தது.
பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
ஜன்னலில் கம்பளி நடுங்கியது.
அவர் மேசைமேல் உள்ளங்கையை விரித்து
கண்ணை மூடிக்கொண்டார்.

“பன்னெண்டு பெட்டி.”

எட்டிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை,
ஜன்னலை நானேதான் அடைத்திருக்கிறேன்.
மார்ச்சுக்குள் அனுப்ப வேண்டிய
பயனீட்டுச் சான்றிதழில்
இதற்கும் கட்டம் இருக்காது.
தாளின் ஓரத்தில், பென்சிலால்,
12 என்று எழுதிவைத்தேன்.