மலைநாச்சி வளவு

இந்த ஊரில் மேடு என்றால்
மழைக்குப் பிறகு ஒழுங்கையில் எழும்பும் வண்டித்தடம்தான்.
ஆனாலும் பழைய உறுதி சொல்கிறது:
நல்லூர்க் கோவிற்பற்று, மலைநாச்சி வளவு,
பரப்பு மூன்று, குழி ஐந்து.

"பிழையாயிருக்கும். மாலைநாச்சி எண்டு அடியும்"
என்கிறார் நொத்தாரிசு அம்பலவாணர்.
என் விரல் எழுத்தின் மேல் நிற்கிறது.

மறுக்க ஒரு சாட்சியும் மிச்சமில்லை.
தட்டச்சு நாடா சிக்கும் நேரங்களில்
நானாகத்தான் அவளை இட்டுக்கட்டுகிறேன்.

தெற்கு மலைகளிலிருந்து வந்தாள்.
இரண்டு அரசர் சண்டையை நிறுத்திக்கொண்டதற்கு
பதினொரு யானைகள், பன்னிரண்டாவதாக அவள்,
ஒரே ஓலையில், ஒரே கையெழுத்தில்.
வற்றிய கடல்நீரை யானைகள் நடந்தே கடந்தன.
உறிஞ்சிப் பார்த்துத் தும்பிக்கையை உதறின.
அவளும் பல்லக்கை இறக்கச் சொல்லி
ஒரு கை அள்ளினாள்.

மானெல் என்று பெயர்.
அவள் ஊர்க் குளங்களில் நீலமாய்ப் பூப்பது.
அரண்மனைப் புலவர் இரண்டு நாள் யோசித்து
குவளைநாச்சியார் என்று பெயர்த்தார்.
பெயர்த்தார்தான். வேர் அங்கேயே நின்றுவிட்டது.

முதல் வாரம் மாமியாரிடம் கேட்டாள்: கங்க?
ஓடும் நீர் எங்கே என்று, அவள் பாஷையில்.
பட்டத்தரசி நெகிழ்ந்துபோனாள்.
காசியிலிருந்து வந்த செம்பின் அரக்கை உடைத்து
மருமகளின் உள்ளங்கையில் மூன்று துளி விட்டாள்.
வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்.
அன்றிரவு சிரித்தாளா அழுதாளா,
உறுதிகளில் அதற்கு நிரல் இல்லை.

தமிழ் முதலில் எண்ணிக்கையாகத்தான் வந்தது.
கணக்கப்பிள்ளை முத்து எண்ணும்போது
திரைக்குப் பின்னால் நின்று கூடவே எண்ணினாள்.
ஐந்துக்குப் பிறகு அந்தச் சொல்.
நீ தேடுவதற்கும் அதுதான் பெயர் என்று
பிறகு யாரோ சொன்னார்கள்,
எங்களிடம் சொல் மட்டும் இருக்கிறது.

யானைகளை ஊர்காவற்றுறையில் விற்றார்கள்.
கண் கட்டி, பலகை போட்டு, மரக்கலத்தில்.
பத்து ஏறின. ஒன்று ஏறவில்லை.
அங்குசம் இரத்தம் கண்டபோது
அவளைக் கூட்டிப்போனார்கள்.
காதோரம் நின்று தன் பாஷையில் ஏதோ பேசினாள்.
ஏறிவிட்டது.
அதற்குப் பிறகு அந்தப் பாஷையில்
அவள் பேசிக் கேட்டவர் இல்லை.

தலைப்பிள்ளை அம்மை கண்டு போயிற்று.
துக்கத்துக்கு வந்த பெண்டுகள் எல்லாரும்
கையைப் பிடித்துச் சொன்னார்கள்:
ஆறு, நாச்சியார். ஆறு.
சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்,
ஏதோ வந்து சேர்ந்துவிட்டதுபோல.

அதற்குப் பிறகுதான் கிணறு.
சுண்ணக்கல்லைக் குடைந்து மூன்று இடம்.
இரண்டு உவர்.
மூன்றாவதில் வெட்டியவன் அள்ளிக் குடித்தான்,
ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கை அள்ளினான்.
குனிந்து கேட்டாள்: கீழே ஓடுகிறதா?
ஓடுது நாச்சியார் என்றான்,
கூலிக்காகச் சொன்னானோ, உண்மையைச் சொன்னானோ.

வாங்குகிறவர் ஸ்காபரோவிலிருந்து
தொலைபேசியில் கத்துகிறார்:
"கிணத்தைத் தூர்த்துப்போட்டு வாகனம் விட ஏலுமோ?"
ஏலாது. பங்குக் கிணறு.
மற்ற ஐந்து வீட்டாரும் இன்னும் அள்ளுகிறார்கள்.
நொத்தாரிசு தலையாட்டுகிறார், அடியும் அடியும் என்கிறார்.

வழி வாய்க்கால் உரித்தும்
கிணற்றில் ஆறிலொன்றும்.
அடிக்கிறேன்.
மலைக்குத் துணைக்கால் போடவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பாராமலே அவர் கையெழுத்து வைக்கிறார்.