இரும்பு, இருப்பு

சீனக்குடாவில் கரையேற்றிய டக் படகுகளின்
அடிவயிறு சுரண்டுவது என் தொழில்.
பன்னிரண்டு வருசமாகத் துரு தின்கிறேன்,
மூக்கால், நகத்தால்,
மத்தியானச் சோற்றுப் பார்சலோடும் சேர்த்து.
ஆகவே கொழும்பிலிருந்து முதல் ரிப்போட் வந்து
டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தபோது
எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.
பெரிட்டின்: பதினாறாயிரத்து நானூற்று எண்பது.
முந்நூறு, முந்நூற்றைம்பது தாண்டக்கூடாதாம்.

உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்கிற சாமான் அது,
ஆனால் இப்போது இரும்பைப் பற்றிப் பேசவில்லை,
உள்ளே நெருப்பு என்கிறது, என்றார்.
"அப்ப நல்லதுதானே," என்றான் ஸ்டோர் கீப்பர் நௌபர்.
"என்ர மனுசிக்கு இரும்புக் குளிசை எழுதிக் குடுத்திருக்கு.
கொஞ்சம் கடன் தாவன்."
அவனுடைய பேரேட்டில் ஒரு பக்கத்தின் தலைப்பே
இரும்பு: இருப்பு.
நடுவில் ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம்.
அந்த இடைவெளியில்
நாற்பது நாள் படுத்திருந்தேன்.

காய்ச்சல் பின்னேரம் ஐந்தரைக்கு வரும்,
உள்துறைமுகத்தில் விளக்குகள் பற்றும் நேரம்.
முழங்கால், மணிக்கட்டு, பிறகு தொண்டை.
நெஞ்சிலே ஒரு சிவப்புப் படரும்,
ஐஸில் கிடந்து வெளிறிய சூரைத் துண்டின் நிறம்.
விடியும்போது ஒன்றுமிராது.
எட்டு மணிக்கு வார்ட் சுற்றி வருகிறவர்களுக்கு
நான் வியர்த்த சேர்ட்டோடு இருக்கும் ஒரு சுகதேகி,
ஒரு பொய்க்காரன்.
சுகிர்தா இரவில் போனால் படம் பிடித்தாள்.
பிளாஷ் பட்டதும் அதுவும் மங்கிப்போயிற்று.

டெங்கு இல்லை. எலிக்காய்ச்சல் இல்லை. டைபொயிட் இல்லை.
இல்லை என்று சொல்லவே
எவ்வளவு இரத்தம் வேண்டியிருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து வருகிற ரிஸ்மியா
ஒருநாள் ஆய்வுகூடக் கதவைத் திறந்து காட்டினாள்.
மெல்லிய கண்ணாடிக் குழாயில்
நிமிர்ந்து நின்றது என் இரத்தம்.
"ஒரு மணித்தியாலம் அசையாம விடோணும்."
சிவப்பு இறங்கிற்று. மேலே கஞ்சித்தெளிவாய் மஞ்சள்.
எங்கள் துறைமுகத்தில்
வற்று ஒரு முழம் இறங்கினாலே பெரிது.
அந்தக் குழாயில் கடல்
நூற்றிப் பன்னிரண்டு மில்லிமீற்றர் வற்றியிருந்தது.

பெரிட்டின் மட்டும் ஐஸ்பெட்டியில், இரவு ரயிலில்.
நான் கொழும்புக்குப் போய் ஒன்பது வருசம்.
என் இரத்தம் மாதத்துக்கு ஒருதரம் போய் வருகிறது.
அதனிடம் யாரும் ஒருநாளும்
அடையாள அட்டை கேட்டதில்லை.

குளிசை தொடங்கி முகம் பூசணிக்காயானது.
"நல்லாக் கொழுத்திட்டீர்" என்றது சந்தை.
நாலாயிரம். தொள்ளாயிரம். இருநூற்றுப் பத்து.
சுகிர்தா கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள்,
சீட்டுக் காசு எழுதுகிற அதே பேனையால்.
நான் மறுபடி சுரண்டப் போனேன்.
ஐந்தரை மணி வெறும் ஐந்தரை மணியானது.

எட்டாம் மாதம்
இரண்டாயிரத்து முந்நூற்றிப் பத்து.
நோவில்லை, காய்ச்சலில்லை, நித்திரை வருகிறது,
நான் நல்லாத்தானே இருக்கிறேன் டொக்டர்?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சிலவேளை உங்களுக்கு முதலே அதுக்குத் தெரியும்.
சிலவேளை அதுவும் பிழை சொல்லும்.
திரும்ப எடுத்துப் பாப்பம்."

எனக்கு விளங்காத கதையில்லை.
பெயின்ற் மினுங்குகிற தகட்டையும்
சுத்தியலால் தட்டித்தான் பார்ப்போம்.
கண்ணால் தெரியாது.
மெலிந்த இடத்தில் சத்தம் மாறும்.
அங்கே சோக்கால் ஒரு வட்டம் போட்டுவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போவோம்.

இன்றைக்குக் காலை சேர்ட் கையை மடித்துவிட்டு
நீட்டியிருக்கிறேன்.
முழங்கையின் உள்மடிப்பில்
இரண்டு விரலால் ரிஸ்மியா தட்டுகிறாள்,
நரம்பு எங்கே என்று.
இன்னொருதரம் தட்டுகிறாள்.
நானும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.